நவரினோ 1827: யாரும் அறிவிக்காத போர் – கேள்வி பதில்

கிரேக்க விடுதலைப் போரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நவரினோவைப் பற்றியவை. அதனால் இன்று அது மட்டும். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி: 1827 அக்டோபர் 20 பிற்பகல், பெலப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்மேற்கில் உள்ள நவரினோ விரிகுடாவில், பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்றின் கூட்டுக் கப்பற்படை உதுமானிய-எகிப்தியக் கப்பற்படையை அழித்தது. அன்றைக்கு அந்த மூன்று நாடுகளில் ஒன்றுகூட, கிரேக்கத்தை ஆண்டுவந்த உதுமானிய (துருக்கிய) சுல்தான் மீது போர் அறிவித்திருக்கவில்லை.

போட்டித்தேர்வு மாணவி: ஐயா, கிரேக்கர்கள் கிளர்ந்தெழுந்தது 1821-இல். வல்லரசுகள் கையை வைக்க ஆறு வருடம் ஏன்?

ஆரம்பத்தில் யாருக்கும் கை வைக்க ஆசையே இல்லை அம்மா. நெப்போலியன் ஒழிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. முடியரசுகள் எல்லாம் எந்தக் கிளர்ச்சியைக் கண்டாலும் நடுங்கிய காலம். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக், கிரேக்கர்களைத் தங்கள் அரசருக்கு எதிராக எழுந்த கலகக்காரர்கள் என்றே பார்த்தார். ரஷ்ய ஜார் முதலாம் அலெக்சாண்டருக்கு ஒரே மதத்தவர் என்ற பரிவு உண்டு, ஆனால் புரட்சி என்றால் ஆகாது.

மூன்று விஷயங்கள் நிலைமையை மாற்றின. 1822-இல் கியோஸ் தீவில் உதுமானியப் படை கிரேக்கர்களைக் கொன்று குவித்த படுகொலையும், கிரேக்கர்களுக்கு உதவப் போன ஆங்கிலக் கவிஞர் பைரன் 1824-இல் மெசலோங்கி ஊரில் காய்ச்சலில் இறந்ததும் ஐரோப்பியப் பொதுமக்களைக் கிளறிவிட்டன. இரண்டாவது, 1825 டிசம்பரில் அலெக்சாண்டர் இறந்து நிக்கோலஸ் ஜார் ஆனார். அவர் துருக்கியோடு மோதத் தயங்காதவர். மூன்றாவதுதான் என் கணக்கில் முக்கியமானது: ரஷ்யா தனியாக இறங்கி மத்தியதரைக் கடலில் காலூன்றிவிடுமோ என்ற பயம் லண்டனுக்கு. ரஷ்யாவைத் தடுக்க முடியாவிட்டால் கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொள்வது மேல் என்று வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் நினைத்தார். சேர்ந்து சமரசம் செய்வதென்று 1826 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. பிறகு பிரான்சும் சேர்ந்து 1827 ஜூலை 6 அன்று லண்டன் ஒப்பந்தம் ஆனது. கருணை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கப்பலை நகர்த்தியது ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த சந்தேகம்.

தூத்துக்குடிக்காரன்: துருக்கிக்கும் கிரேக்கர்களுக்கும் சண்டை. நடுவில் எகிப்து எப்படி வந்தது அண்ணே?

சுல்தான் இரண்டாம் மஹ்மூத்தால் தனியாக அடக்க முடியவில்லை. 1822-இல் தெர்வெனாக்கியா கணவாயில் கிரேக்கத் தளபதி கொலொகொட்ரோனிஸ் உதுமானியப் படையைச் சிதறடித்தார். பழைய ஜானிசரிப் படையை நம்பிப் பயனில்லை (1826-இல் சுல்தானே அதை ஒழித்துக்கட்டினார்). எகிப்தை ஆண்ட முகம்மது அலியிடமோ ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற புதுப்படை இருந்தது. பெயருக்கு அவர் சுல்தானின் ஆளுநர், நடைமுறையில் தனி அரசர். க்ரீட்டையும் பெலப்பொனீஸையும் தருவதாகச் சொல்லி சுல்தான் உதவி கேட்டார். முகம்மது அலி தன் மகன் இப்ராஹிம் பாஷாவை அனுப்பினார்.

1825 பிப்ரவரியில் இப்ராஹிம் பெலப்பொனீஸின் தென்மேற்கில் உள்ள மெத்தோனியில் இறங்கியதும் ஆட்டம் மாறிவிட்டது. கிரேக்கர்களும் அந்த நேரம் பார்த்துத் தங்களுக்குள் இரண்டு உள்நாட்டுப் போர் நடத்திக் களைத்திருந்தார்கள். 1826 ஏப்ரலில் மெசலோங்கி விழுந்தது, 1827 ஜூனில் ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் சரணடைந்தது. அந்தக் கோடைகாலத்தில் யாராவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் கிரேக்கர்கள் பக்கம் காசு வைத்திருக்க மாட்டேன்.

சும்மா கேட்டேன்: போர் அறிவிக்காமல் எப்படி ஒரு தளபதி இன்னொரு நாட்டுக் கப்பற்படையை அழிக்க முடியும்? அவருக்கு என்னதான் உத்தரவு?

இங்கேதான் சுவாரஸ்யம். லண்டன் ஒப்பந்தம் இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டும் என்றது. கிரேக்கர்கள் ஒப்புக்கொண்டார்கள் (தோற்றுக்கொண்டிருப்பவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்). சுல்தான் மறுத்தார். மறுத்தால், கிரேக்கத்துக்குத் துருக்கிய, எகிப்தியப் படையும் தளவாடமும் கடல்வழியே போகாமல் தடுக்க வேண்டும், ஆனால் பகைமைச் செயலில் இறங்கக் கூடாது. இதுதான் மூன்று கடற்படைத் தளபதிகளுக்கும் வந்த உத்தரவு.

தடுக்க வேண்டும், சண்டை கூடாது! பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் கோட்ரிங்டன் குழம்பிப்போய், உதுமானியத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஸ்ட்ராட்ஃபர்ட் கேனிங்கிடம் விளக்கம் கேட்டார். எல்லா வழியும் தீர்ந்தபின் கடைசியாக பீரங்கியால் தடுக்கலாம் என்ற பொருளில் பதில் வந்தது. லண்டனில் மழுப்பி எழுதியதைத் தூதர் உடைத்துச் சொல்லிவிட்டார். மேலே இருப்பவர்கள் பொறுப்பைக் கீழே தள்ளுகிற கலைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வரலாற்று ஆசிரியை: பாடநூல்கள் பலவற்றில் நவரினோ ஒரு தற்செயல் மோதல் என்று இருக்கிறது. ஒரு துப்பாக்கி வெடித்து எல்லாம் பற்றிக்கொண்டதாம். உண்மையா?

முதல் குண்டு தற்செயல். அந்தக் குண்டு வெடிக்கக்கூடிய இடத்துக்குப் போய் நின்றது தற்செயல் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் மேடம்.

செப்டம்பர் 25 அன்று கோட்ரிங்டனும் பிரெஞ்சுத் தளபதி தெ ரிக்னியும் நவரினோவில் இப்ராஹிமை நேரில் சந்தித்தார்கள். மேலிடத்து உத்தரவு வரும்வரை கப்பல்களை நகர்த்துவதில்லை என்று வாய்மொழியாக ஏற்பாடு. சில நாளிலேயே, கிரேக்கர்களிடம் பணிபுரிந்த பிராங்க் அப்னி ஹேஸ்டிங்ஸ் என்ற ஆங்கிலேயர் இத்தேயா அருகே துருக்கியக் கப்பல்களை அடித்து நொறுக்கினார். என் கையை மட்டும் கட்டிவிட்டு அவர்களை அவிழ்த்துவிடுவதா என்று இப்ராஹிமுக்குக் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் அவருடைய கப்பல்கள் வடக்கே பத்ராஸ் துறைமுகம் நோக்கிக் கிளம்பின. கோட்ரிங்டன் கைவசம் இருந்த சில கப்பல்களோடு வழிமறித்துத் திருப்பி அனுப்பினார். கடலில் முடியாததை இப்ராஹிம் நிலத்தில் செய்தார். நவரினோவைச் சுற்றியுள்ள மெஸ்ஸீனியாவில் ஊர்கள் எரிந்தன, ஆலிவ் மரங்களும் அத்தி மரங்களும் எரிக்கப்பட்டன. அந்தப் புகை கடலில் இருந்த கப்பல்களுக்கே தெரிந்தது.

அக்டோபர் 17 அன்று கண்டனக் கடிதம் அனுப்பினால், பாஷா எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்று பதில் வந்து கடிதம் அப்படியே திரும்பியது. மறுநாள் மூன்று தளபதிகளும் கூடிப் பேசினார்கள். மூன்றாமவர் ரஷ்யத் தளபதி ஹெய்டன். குளிர்காலப் புயலில் வெளிக்கடலில் நின்று முற்றுகையைத் தொடர முடியாது. ஆகவே விரிகுடாவுக்கு உள்ளேயே போய், எதிர்க் கப்பல்களின் பக்கத்திலேயே நங்கூரமிடுவது என்று முடிவு.

உள்ளே எகிப்திய-துருக்கியக் கப்பல்கள் குதிரை லாட வடிவில் நின்றன. இரு முனைகளும் கரைப் பீரங்கிகளின் காவலில், ஒன்று நவரினோ கோட்டைப் பக்கம், மற்றொன்று ஸ்ஃபக்டீரியா தீவுப் பக்கம். அந்த ஏற்பாடு எகிப்தியரிடம் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி லெத்தெலியே போட்டுக் கொடுத்தது. சொந்த நாட்டார் மேல் சுட வேண்டி வரும், விலகுங்கள் என்று தெ ரிக்னி எழுதியதும் அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் விலகிவிட்டார்கள். லாடம் மட்டும் அப்படியே நின்றது.

20-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணியளவில் கோட்ரிங்டனின் ‘ஏசியா’ முதலில் நுழைந்தது. அனுமதி இல்லை என்று எகிப்தியத் தரப்பு சொல்லி அனுப்ப, உத்தரவு கேட்க வரவில்லை, கொடுக்க வந்தேன் என்று பதில் போனது. முதலில் சுடக் கூடாது என்றும் தன் கப்பல்களுக்குக் கட்டளை இட்டிருந்தார். கப்பல்கள் அமைதியாக நங்கூரமிட்டுக்கொண்டிருந்தன. அப்போது ‘டார்ட்மத்’ கப்பல், நுழைவாயில் அருகே இருந்த ஒரு தீக்கப்பலை விலகச் சொல்லிப் படகு அனுப்பியது. எரிபொருளை நிரப்பிக் கொளுத்தி எதிரி மேல் ஏவுவதற்காக வைத்திருக்கும் கப்பல் அது. படகில் வருபவர்கள் பேச வருகிறார்களா பிடிக்க வருகிறார்களா என்று அங்கிருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கி வெடித்தது, லெப்டினன்ட் ஃபிட்ஸ்ராய் இறந்தார். ‘டார்ட்மத்’தும் பிரெஞ்சு ‘சிரேன்’ கப்பலும் துப்பாக்கியால் பதில் கொடுத்தன, எகிப்தியக் கப்பல் ஒன்று பீரங்கியால் சுட்டது. அதற்குமேல் நிறுத்த ஆளில்லை. வெள்ளைக் கொடியோடு எகிப்தியத் தளபதி மொஹரம் பேயிடம் தூது போன கோட்ரிங்டனின் கிரேக்க வழிகாட்டியும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

என் தீர்ப்பு: கோட்ரிங்டன் போருக்குத் திட்டமிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. போர் வந்தால் வருத்தப்படவும் மாட்டார் என்பதற்கு எல்லாச் சான்றும் இருக்கிறது. 1805 டிரஃபால்கர் கடற்போரில் ‘ஓரியன்’ கப்பலின் கேப்டனாக இருந்த மனிதர் அவர். தீக்கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு நடுவில் நங்கூரம் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அல்ல.

கணக்குப்பிள்ளை: எண்ணிக்கையில் துருக்கியர்தான் அதிகம் என்கிறார்கள். பிறகு எப்படித் தோற்றார்கள்?

எண்ணிக்கையில் மூன்று மடங்கு. கூட்டுப் படையிடம் சுமார் 27 கப்பல்கள், எதிர்த்தரப்பில் சிறியதும் பெரியதுமாக எழுபது எண்பது. பீரங்கியும் அங்கேதான் அதிகம்: இவர்களிடம் சுமார் 1,300, அவர்களிடம் 2,000-க்கு மேல். ஆனால் இரண்டு மூன்று அடுக்குப் பீரங்கிகளோடு போரின் சுமையைத் தாங்கும் பெரிய கப்பல்கள் கூட்டுப் படையிடம் பத்து (பிரிட்டன் 3, பிரான்ஸ் 3, ரஷ்யா 4), எதிர்த்தரப்பில் மூன்றுதான். பெரிய கப்பலின் பலகைக் கனமும் பீரங்கிக் குண்டின் எடையும் வேறு ரகம். கரைப் பீரங்கிகளைச் சேர்த்தாலும் ஈடாகவில்லை.

அடுத்தது பயிற்சி. எகிப்திய, துருக்கியக் கப்பல்களில் பலர் கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். ஒரு முறை சுட்டுவிட்டு அவர்கள் குண்டு நிரப்புவதற்குள் எதிரில் இருப்பவர்கள் இரண்டு மூன்று முறை சுட்டார்கள். மூன்றாவது அந்த லாட வடிவமே. மூன்று வரிசையாக நெருக்கி நின்ற கப்பல்கள், முகூர்த்த நாளில் மண்டப வாசலில் அடைத்துக்கொண்ட கார்கள் மாதிரி, பின்னால் இருப்பவை முன்னால் இருப்பதை இடிக்காமல் அசைய முடியாது. பின்வரிசை சுட்டால் முன்வரிசையில் இருக்கும் தன் ஆள் மேல்தான் படும். இரு தரப்பும் நங்கூரமிட்டபடியே மிகக் கிட்டத்தில் நின்று சுட்ட சண்டை இது. பாய் விரித்துச் சுற்றிவரும் தந்திரங்களுக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட சண்டையில் வேகமாகச் சுடுபவனே ஜெயிப்பான்.

சுமார் நான்கு மணி நேரத்தில் முடிந்தது. கூட்டுப் படை ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 180 பேர், காயம்பட்டவர்கள் 480 அளவில். ‘ஜெனோவா’ கப்பலின் கேப்டன் பாத்தர்ஸ்ட் இறந்தவர்களில் ஒருவர். ‘ஏசியா’வில் இருந்த கோட்ரிங்டனின் மகனுக்கும் காயம். எதிர்த்தரப்பில் 4,000 முதல் 6,000 பேர் வரை இறந்ததாக மதிப்பீடுகள். சுமார் 60 கப்பல்கள் அழிந்தன. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மாலுமிகளே இரவெல்லாம் தீவைத்து வெடிக்கச் செய்தவையும் அதில் அடக்கம்.

கடலோடி: இதில் கிரேக்கக் கப்பல் எத்தனை?

ஒன்றுகூட இல்லை. இப்ராஹிமும் அன்று விரிகுடாவில் இல்லை, படையோடு உள்நாட்டில் இருந்தார்.

அதே கடலோடி: ‘ஏசியா’ நம் நாட்டில் கட்டியது என்று எங்கோ கேட்டேன். கதையா?

கதையில்லை தம்பி. 84 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பல் பம்பாய் கப்பல் கட்டுமிடத்தில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு 1824-இல் நீரில் இறங்கியது. கட்டியவர்கள் பார்சி வாடியா குடும்பத்தினர். பல தலைமுறையாகப் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்டிக்கொடுத்தவர்கள். தேக்கு ஓக் மரத்தைவிட அழுகலைத் தாங்கும் என்பதால் பம்பாய்க் கப்பல்களுக்கு நல்ல பெயர். நவரினோவில் ‘ஏசியா’ பின்பாய்மரத்தை இழந்தது, ஆனாலும் தாக்குப்பிடித்தது. இதே இடத்தில் 1817-இல் கட்டிய ‘டிரிங்கோமலி’, நம் திருகோணமலையின் பெயர் தாங்கியது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அது நவரினோவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது பரப்பிவிடுவார்கள்.

நடுநிலைவாதி: துருக்கியர் கொடூரர், கிரேக்கர் அப்பாவி என்ற தொனி எல்லா இடத்திலும் இருக்கிறது. நீங்களுமா?

இல்லை. 1821 அக்டோபரில் கிரேக்கர்கள் பெலப்பொனீஸின் திரிப்பொலிட்சா நகரைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களும் யூதர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. பெலப்பொனீஸில் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் சமூகமே அந்தப் போரில் இல்லாமல் போனது. அதே வருடம் ஈஸ்டர் நாளில் கான்ஸ்டான்டினோபிளில் கிரேக்கத் திருச்சபையின் தலைமை மதகுரு ஐந்தாம் கிரெகொரியை உதுமானியர் தூக்கில் போட்டார்கள். மறு வருடம் கியோஸ். ஐரோப்பியப் பத்திரிகைகளில் கியோஸ் பெரிதாக வந்தது, திரிப்பொலிட்சா அந்த அளவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவரினோவுக்குப் பிறகு அலெக்சாண்ட்ரியா திரும்பிய எகிப்தியக் கப்பல்களில் கிரேக்க அடிமைகளையும் ஏற்றிச் சென்றார்கள். ஜெயித்தவர்கள் அதைத் தடுக்கவில்லை. கோட்ரிங்டன் மீது பின்னால் வந்த குற்றச்சாட்டுகளில் எனக்கு உறைப்பது இதுதான். கப்பல்களை எரித்ததற்காக அவரைக் குறை சொன்னவர்கள் லண்டனில் நிறைய. இதற்காகக் கேட்டவர்கள் குறைவு.

போட்டித்தேர்வு மாணவி: நவரினோவோடு விடுதலை வந்துவிட்டதா? தேர்வில் அப்படி எழுதலாமா?

எழுதாதீர்கள். கடல்வழி அறுந்ததால் இப்ராஹிமின் படைக்குச் சோறும் மருந்தும் வருவது நின்றது, அதுவே பெரிய திருப்பம். ஆனால் சுல்தான் இறங்கிவரவில்லை. மன்னிப்பும் இழப்பீடும் கேட்டார், டிசம்பரில் மூன்று நாட்டுத் தூதர்களும் தலைநகரை விட்டுக் கிளம்பினார்கள். 1828 ஏப்ரலில் ரஷ்யா முறைப்படி போர் அறிவித்தது. ஆகஸ்டில் கோட்ரிங்டன் அலெக்சாண்ட்ரியா போய், படையைத் திரும்ப அழைத்துக்கொள்ள முகம்மது அலியைச் சம்மதிக்க வைத்தார். பிரெஞ்சுத் தளபதி மெசோன் ஒரு படையோடு பெலப்பொனீஸில் இறங்கினார், இப்ராஹிம் கிளம்பினார். 1829 செப்டம்பரில் ரஷ்யப் படை தலைநகரை நெருங்கியபின் ரஷ்யாவுக்கும் சுல்தானுக்கும் அட்ரியானோபிள் உடன்படிக்கை. 1830 பிப்ரவரி 3 லண்டன் நெறிமுறைதான் கிரேக்கத்தைத் தனிநாடாக ஏற்றது. எல்லை முடிவானது 1832-இல்.

நிபந்தனைகளையும் பாருங்கள். புது நாட்டுக்கு யார் அரசர் என்பதை வல்லரசுகள் தீர்மானித்தன, பவேரியாவிலிருந்து ஓட்டோ என்ற பதினேழு வயதுப் பையன் 1833-இல் வந்து இறங்கினார். கிரேக்கர்களே தேர்ந்தெடுத்த ஆளுநர் கபோடிஸ்ட்ரியாஸ் 1831-இல் நாஃப்பிலியோவில் உள்ளூர்ப் பகையில் கொல்லப்பட்டிருந்தார். லண்டனில் 1824, 1825-இல் வாங்கிய 28 லட்சம் பவுண்ட் கடனில் கைக்கு வந்தது ஏறத்தாழ பாதிதான், கடன் பத்திரம் மட்டும் முழுத்தொகைக்கு. பிறரது பீரங்கியால் பிழைத்த நாட்டுக்குப் பிறர் சொன்ன விலை. ஆனால் அந்த ஆறு வருடம் கிரேக்கர்கள் மலைகளில் விடாமல் நின்றிருக்காவிட்டால் 1827-இல் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

சும்மா கேட்டேன்: கோட்ரிங்டனுக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்திருக்குமே?

முதலில் பட்டம், பிறகு கல்தா. அவரை அனுப்பிய ஜார்ஜ் கேனிங் பிரதமரான சில மாதங்களில் 1827 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். 1828 தொடக்கத்தில் ஆட்சிக்கு வந்த வெலிங்டனுக்கு துருக்கி பலவீனமாவது பிடிக்கவில்லை. நாடாளுமன்றத்தில் அரசர் பெயரால் வாசித்த உரையில் இந்த வெற்றி, நடந்திருக்க வேண்டாத ஒரு சம்பவம் என்ற பாணியில் குறிப்பிடப்பட்டது. அந்த வருடமே கோட்ரிங்டனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நான் முன்னால் சொன்ன உத்தரவை நினைத்துப் பாருங்கள். ஜெயித்தால் நாங்கள், சிக்கல் வந்தால் நீ.

செங்கடல்: ரஷ்யர்களின் பங்கு என்ன? யாரும் பேசுவதே இல்லை.

கடைசியாக, கரைப் பீரங்கிகள் விழித்துக்கொண்டபின் புகைக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். ஹெய்டனின் ‘அஸோவ்’ கப்பலுக்குக் கேப்டன் லாசரெவ். அந்தக் கப்பலுக்குப் பின்னர் போர் வீரத்துக்கான செயின்ட் ஜார்ஜ் கொடி வழங்கப்பட்டது, ரஷ்யக் கடற்படையில் அதுவே முதல் முறை. அதில் இளம் அதிகாரிகளாக இருந்த நக்கிமொவ், கொர்னிலொவ், இஸ்தோமின் மூவரும் பின்னாளில் அட்மிரல்கள் ஆகி, 1850-களின் கிரிமியப் போரில் செவஸ்தொபோல் துறைமுகத்தைக் காத்தபோது இறந்தார்கள். அங்கே அவர்களை எதிர்த்து நின்றது பிரிட்டனும் பிரான்சும், துருக்கியோடு கூட்டணி வைத்து.

பொறியாளன்: பாய்மரக் கப்பல்களின் கடைசிப் பெரும்போர் என்பது சரிதானா?

முழுக்க முழுக்கப் பாய்மரக் கப்பல்களே மோதிய கடைசிப் பெரிய கடற்போர், ஆம். வேடிக்கை என்னவென்றால், சில வாரம் முன்பு இத்தேயாவில் ஹேஸ்டிங்ஸ் சண்டையிட்ட ‘கர்தேரியா’ நீராவிக் கப்பல். அது கிரேக்கர்களுடையது.

ஒன்பதாம் வகுப்பு அப்பா: மகளின் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். ஒரு இடத்தில் அக்டோபர் 8, இன்னொரு இடத்தில் அக்டோபர் 20. எது?

ஒரே நாள்தான் சார். ரஷ்யர்களும் கிரேக்கர்களும் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தார்கள், பன்னிரண்டு நாள் பின்னால். 20 என்று எழுதச் சொல்லுங்கள். பீலோஸ் ஊரில் (நவரினோவின் இன்றைய பெயர்) இன்றும் அந்தத் தேதியில்தான் விழா எடுக்கிறார்கள். மூன்று தளபதிகளுக்கும் ஊர் நடுச் சதுக்கத்தில் நினைவுத்தூண் இருக்கிறது, படம் ஒட்டுவதென்றால் அதை ஒட்டலாம்.